கேஸ் கம்மியா, கசிவா? பழைய கார் ஏசியும் தாமஸ் மிட்ஜ்லியின் கதையும்

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறீர்கள். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. டயர் பரவாயில்லை. இன்ஜின் சத்தமும் ஓகே. ஏசியைப் போட்டால் மட்டும் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. கேஸ்தான் கொஞ்சம் கம்மி சார், நிரப்பிட்டா சில்லுனு ஆயிடும் என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நம்மில் பலர் அந்த இடத்தில் தலையாட்டிவிடுவோம். கேஸ் நிரப்ப என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது என்று மனசு கணக்குப் போட்டுவிடும். ஆனால் ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது நன்றாகவே குறைந்திருக்கிறது என்றால், எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். இன்று நிரப்பினால் நாளை அதே வழியாக மறுபடியும் போகும்.

சரி, வெளியே போனது ஏன் யாருக்கும் தெரியவில்லை? அதற்கு நிறம் இல்லை, புகை இல்லை, மூக்குக்கும் எட்டாது. இது தற்செயலாக அமைந்த குணம் இல்லை. கசிந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தேடிக் கண்டுபிடித்த பொருட்களின் பரம்பரை அது. அந்தத் தேடலைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. காருக்கு ஏசி சாத்தியமானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கார் ஏசியின் கசிவு நம் கண்ணில் படாமல் போனதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், காரின் பானெட்டைத் திறக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பது தானாகப் புரியும்.

இயந்திரம் படித்தார், வேதியியல் செய்தார்

மிட்ஜ்லி பிறந்தது 1889 மே 18. ஊர், பென்சில்வேனியா மாகாணத்தின் பீவர் ஃபால்ஸ். வளர்ந்தது ஒஹையோ மாகாணத்தின் கொலம்பஸில். அப்பாவும் கண்டுபிடிப்பாளர்தான், டயர் துறையில் வேலை செய்தவர். எதையாவது கழற்றுவதும் மாட்டுவதும் அந்த வீட்டில் சாதாரணம்.

1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். கவனியுங்கள், அவர் படித்தது வேதியியல் இல்லை. ஆனால் பெயர் வாங்கியது முழுக்க வேதியியலில். தேவையானதைத் தானே படித்துக்கொண்டார். தனிமங்களின் அட்டவணைதான் அவருக்கு வரைபடம். எந்தப் பிரச்சினை வந்தாலும் அந்த அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடுவார்.

1916-ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கையால் சுழற்றாமல் காரை ஸ்டார்ட் செய்ய உதவும் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை உருவாக்கியவர் இந்த கெட்டரிங்தான். பின்னாளில் அந்த ஆய்வுக்கூடம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. மிட்ஜ்லியின் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளுமே கெட்டரிங் அவரிடம் கொடுத்த வேலைகள்.

முதல் வேலை: இன்ஜின் தட்டும் சத்தம்

அந்தக் கால கார் இன்ஜின்களில் நாக்கிங் என்கிற தொல்லை இருந்தது. பெட்ரோல் சரியான நேரத்தில் எரியாமல் முந்திக்கொண்டு வெடிக்கும். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். சக்தியும் வீணாகும். பெட்ரோலில் எதைக் கலந்தால் இது நிற்கும்?

அயோடின், அனிலின், செலீனியம், டெல்லூரியம் என்று மிட்ஜ்லியின் குழு வரிசையாகச் சோதித்தது. டெல்லூரியம் வேலை செய்தது. ஆனால் அதைக் கையாண்டவர்கள் உடம்பிலிருந்து பூண்டு நாற்றம் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று விடை கிடைத்தது. டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம் கலந்த ஒரு திரவம். மிகச் சிறிய அளவு கலந்தாலே சத்தம் நின்றது.

எத்தனாலும் நாக்கிங்கைக் குறைக்கும் என்பது மிட்ஜ்லிக்குத் தெரியும். இன்று நம் ஊர் பங்க்குகளில் பெட்ரோலோடு கலந்து வருகிற அதே எத்தனால்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய ஒன்றை வைத்துக் காப்புரிமை வாங்கிச் சம்பாதிக்க முடியாது. ஈயத் திரவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1923-ல் விற்பனை தொடங்கியது. வணிகப் பெயர் எத்தில். ஈயம் என்ற சொல்லை விளம்பரத்தில் காணவே முடியாது.

ஈயம் விஷம் என்பது அப்போதே நன்றாகத் தெரிந்த விஷயம். விற்பனை தொடங்கிய அதே 1923-ல் மிட்ஜ்லியே ஈய நச்சால் பாதிக்கப்பட்டு, வேலையை விட்டு ஒதுங்கி ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போக வேண்டியிருந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இந்தத் திரவத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்கு மனநிலை தடுமாறியது. ஐந்து பேர் இறந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

நாடே கேள்வி கேட்டபோது மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அவர்கள் கண் முன்னாலேயே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்தார். பாட்டிலை மூக்கருகே வைத்து ஒரு நிமிடம் மோந்தார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்கிற தொனியில் பேசினார். முந்தைய ஆண்டுதான் அவர் அதே நச்சிலிருந்து மீண்டு வந்திருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஈயப் பெட்ரோல் விற்பனை இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-ல்.

இரண்டாவது வேலை: ஆளைக் கொல்லும் பிரிட்ஜ்

1920-களில் வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்குவது கொஞ்சம் ஆபத்தான காரியம். உள்ளே ஓடிய பொருட்கள் அப்படிப்பட்டவை. அமோனியா, சல்பர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு. குழாய் கசிந்தால் மூச்சுத் திணறும். இரவில் கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகவும் செய்தது.

இந்தப் பிரச்சினையை இரண்டு பேர் இரண்டு விதமாக அணுகினார்கள். அதில் ஒருவர், நம்ப மாட்டீர்கள், ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். பெர்லினில் பிரிட்ஜ் கசிவால் ஒரு குடும்பமே இறந்த செய்தியைப் படித்து அவர் கலங்கிப்போனதாகச் சொல்வார்கள். லியோ சிலார்ட் என்கிற இளம் விஞ்ஞானியோடு சேர்ந்து அசையும் பாகங்களே இல்லாத பிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். அசையும் பாகம் இல்லையென்றால் தேய்கிற சீல் இல்லை. சீல் இல்லையென்றால் கசிவுக்கு வழியே இல்லை. 1930-ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் கடைக்கு வரவில்லை.

இன்னொருவர் மிட்ஜ்லி. ஐன்ஸ்டீன் கசிவை நிறுத்தப் பார்த்தார். கசிந்தால் கசியட்டும், கசிவது நல்ல பொருளாக இருக்கட்டும் என்பது மிட்ஜ்லி போன வழி.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஃப்ரிஜிடேர் என்கிற பிரிட்ஜ் பிரிவு இருந்தது. விஷமில்லாத, தீப்பிடிக்காத குளிரூட்டிப் பொருள் வேண்டும் என்று 1928-ல் கெட்டரிங் கேட்டார். மிட்ஜ்லி பழையபடி தனிம அட்டவணையை எடுத்தார். ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்னாரி இருவரும் உடன் இருந்தார்கள். தேடல் ஃப்ளோரின் என்கிற தனிமத்தில் வந்து நின்றது. அது தனியாக இருந்தால் கொடிய விஷம். கார்பனோடு இறுகப் பிணைந்துவிட்டால் சாது. எதைச் செய்ய வேண்டும் என்ற முடிவு சில நாட்களிலேயே கிடைத்துவிட்டது. பெயர் டை குளோரோ டை ஃப்ளோரோ மீத்தேன். பின்னாளில் ஆர்-12, ஃப்ரியான் என்ற பெயர்களில் உலகம் அறிந்த கேஸ்.

ஐந்து பாட்டில்களில் ஒன்று

செய்வதற்கு ஆன்டிமனி ட்ரை ஃப்ளோரைடு என்கிற மூலப்பொருள் தேவை. அமெரிக்கா முழுக்கத் தேடியும் ஐந்து சின்ன பாட்டில்கள்தான் கிடைத்தன. அதில் ஒன்றை எடுத்துக் கொஞ்சம் கேஸ் தயாரித்தார்கள். ஒரு கினிப்பன்றியோடு கண்ணாடிக் குடுவைக்குள் விட்டார்கள். அது நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த பாட்டிலில் தயாரித்துச் சோதித்தபோது கினிப்பன்றி செத்துப்போனது. என்ன ஆச்சு என்று ஆராய்ந்தபோது விஷயம் தெரிந்தது. ஐந்தில் நான்கு பாட்டில்களில் இருந்த பொருளில் நீர் கலந்திருந்தது. அந்த ஈரத்தால் தயாரிப்பின்போது ஃபாஸ்ஜீன் என்கிற விஷவாயு உருவாகியிருக்கிறது. கேஸை நன்றாகக் கழுவிச் சுத்தப்படுத்தியதும் பிரச்சினை தீர்ந்தது. முதல் நாள் கைக்கு வந்தது அந்த ஒரே நல்ல பாட்டில். வேறு எதையாவது எடுத்திருந்தால் அன்றே முயற்சியைக் கைவிட்டிருப்போம் என்று மிட்ஜ்லியே பின்னர் ஒரு விருது விழாவில் ஒப்புக்கொண்டார்.

ஈரம் அன்று ஆய்வுக்கூடத்தில் விளையாடியது. இன்று கார் ஏசியிலும் விளையாடுகிறது. குழாய்க்குள் காற்றோடு ஈரம் புகுந்தால் அமிலம் உண்டாகி உள்ளிருந்து அரிக்கும். அதனால்தான் ஒவ்வொரு கார் ஏசியிலும் ட்ரையர் என்கிற ஈரம் உறிஞ்சும் பாகம் இருக்கிறது. கசிவுள்ள காரில் வெறுமனே கேஸை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றினால், வெளியே போகும் வழி திறந்தே இருக்கிறது. உள்ளே ஈரம் சேரும், ட்ரையர் களைத்துப்போகும், கம்ப்ரஸர் கெடும். கேஸ் கம்மி என்று ஆரம்பித்த கதை இப்படித்தான் பெரிய பில்லில் போய் முடிகிறது.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவர்

1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டம். மேடையில் மிட்ஜ்லி புதிய கேஸை நெஞ்சு நிறைய இழுத்தார். பிறகு ஒரு ரப்பர் குழாய் வழியாக மெதுவாக ஊதினார். எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கேஸ் தீப்பிடிக்கவும் இல்லை. விஷமும் இல்லை, நெருப்பும் இல்லை என்பதை ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். அரங்கம் அசந்துபோனது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஈயத் திரவத்தை வைத்து அவர் காட்டிய காட்சிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று அவர் மறைத்தது தெரிந்த ஆபத்தை. இன்று மேடையில் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் இரண்டு சோதனைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இப்போது, இங்கே, இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிறதா? கசிந்துபோன கேஸ் பல ஆண்டுகள் கழித்து எங்கே இருக்கும் என்று அந்த அரங்கில் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத் தேவையான அறிவியலும் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

காருக்குள் குளிர் வந்த கதை

அமோனியா ஓடும் குழாயை மூடிய காருக்குள், மனிதர்களின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைக்க யாரும் துணிய மாட்டார்கள். ஆர்-12 வந்த பிறகுதான் அது முடிந்தது. 1939 இறுதியில் பேக்கார்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை சிகாகோ கண்காட்சியில் வைத்தது. குளிரூட்டும் பெட்டி பின்னால் டிக்கியில் இருந்தது. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். விலையும் அதிகம். சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். கார் ஏசி பரவலானது இரண்டாம் உலகப் போருக்கும் பிறகுதான்.

வீட்டு பிரிட்ஜுக்கும் கார் ஏசிக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. பிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்பு உருண்டைக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனால் பல வருஷம் கேஸ் அப்படியே இருக்கும். வழக்கமான பெட்ரோல், டீசல் காரில் கம்ப்ரஸரைச் சுழற்றுவது வெளியே இருக்கும் இன்ஜின் பெல்ட். ஆக, சுழலும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சீல் வேண்டும். இன்ஜின் ஆடுவதால் இரும்புக் குழாய் மட்டும் போதாது, ரப்பர் ஹோஸும் வேண்டும். முன்னால் கண்டென்ஸரில் கல் அடிக்கும். எனவே நல்ல காரிலும் ஆண்டுக்குச் சில கிராம் கேஸ் போவது இயல்பு. பெரும்பாலான சின்ன கார்களில் மொத்தமாக இருப்பதே அரை கிலோவை ஒட்டித்தான். பல வருஷம் கழித்து ஒருமுறை நிரப்பினால் அது வயசு. ஒவ்வொரு கோடைக்கும் நிரப்பினால் அது கசிவு.

கயிறும் கப்பியும்

மிட்ஜ்லியின் புகழ் ஏறிக்கொண்டே போனது. 1937-ல் பெர்கின் பதக்கம், 1941-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் உயரிய விருதான பிரீஸ்ட்லி பதக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள்.

ஆனால் 1940-ல், 51 வயதில், போலியோ தாக்கியது. கால்கள் செயலிழந்தன. மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார, கயிறுகளும் கப்பிகளும் கொண்ட ஓர் அமைப்பைத் தானே வடிவமைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் வேலையை விடவில்லை. 1944-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று, ஒஹையோவில் தன் வீட்டில், அதே கயிறுகளில் சிக்கிய நிலையில் இறந்துகிடந்தார். வயது 55. விபத்து என்றே வெளியே சொல்லப்பட்டது. தற்கொலை என்ற கருத்தும் உண்டு.

தன் இரண்டு கண்டுபிடிப்புகளும் உலகத்துக்கு என்ன செய்தன என்று தெரியாமலேயே அவர் போய்விட்டார்.

கசிந்த கேஸ் எங்கே போனது?

ஆர்-12 எதோடும் எளிதில் வினைபுரியாது. அதன் பெருமையே அதுதான். அதே குணத்தால் காற்றில் கலந்த பிறகும் அது அழியவில்லை. நூறாண்டு வரை தாக்குப்பிடித்து, மெதுவாக மேலே ஏறியது. பிரிட்ஜ்கள், கார்கள், ஸ்பிரே டப்பாக்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிய இந்த வகை கேஸ் மொத்தமும் மேலே சேர்ந்தது.

1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் அதன் முடிவைக் கணக்கிட்டார்கள். வானின் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் இந்த மூலக்கூறை உடைக்கிறது. குளோரின் வெளியே வருகிறது. ஒரே ஒரு குளோரின் அணு, ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு லட்சம் வரைகூட அழிக்கலாம். 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்திருப்பதை பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆர்-12 படிப்படியாக விடைபெற்றது. மொலினாவும் ரோலண்டும் 1995-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. இன்று நம் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 1,400 மடங்கு சக்தி கொண்டது. அதனால் பல நாடுகளின் புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்கிற இன்னொரு கேஸ் வந்துவிட்டது. அது புவி வெப்பத்துக்குக் கெடுதல் குறைவு, லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை மட்டும் உண்டு. மூன்றிலும் மாறாதது ஒன்று: கசிந்தால் காருக்குள் இருப்பவருக்குத் தெரியாது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மூக்கும் கண்ணும் கேஸைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் கேஸ் விட்டுச்செல்லும் தடயங்கள் உண்டு. வரிசையாகப் பாருங்கள்.

மதிய வெயிலில் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஏசியை ஓடவிட்டு வைத்திருந்தால், கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி வருகிறேன் என்று சொல்லலாம், தப்பில்லை.

பானெட் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். வேறு கேஸ் ஏற்றியிருந்தாலோ, தீப்பிடிக்கும் மலிவு கேஸைக் கலந்திருந்தாலோ நிலைமை மோசம். கடைசியாக எங்கே, எப்போது, எது நிரப்பினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். இரண்டு கோடைக்கு இரண்டு பில் இருந்தால், அந்த பில்களே பதில்.

எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள். கம்ப்ரஸரை வழவழப்பாக வைக்கும் எண்ணெய் கேஸோடு கலந்தே ஓடுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் கொஞ்சம் எண்ணெயும் வரும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் தங்கி அதன்மேல் தூசி படியும். ஹோஸ் இணைப்புகள், கண்டென்ஸர், கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான கறுப்புப் பிசுக்கு இருந்தால் சந்தேகப்படுங்கள். இன்ஜின் அறை முழுவதும் புதுசாகக் கழுவித் துடைத்திருந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

கிளட்ச் சத்தம் கேளுங்கள். ஏசி பட்டனை அழுத்தியதும் பல கார்களில் டக் என்று ஒரு சத்தம் வரும். கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறது என்று பொருள். சில புது மாடல்களில் கிளட்ச் இருக்காது, அதில் இந்தச் சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஏசி போட்டதும் கரகரவென்று ஒரு சத்தம் வந்து, அணைத்ததும் நின்றால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். உள்ளே உடைந்த கம்ப்ரஸர் தன் உலோகத் துகளைக் குழாய் முழுக்க அனுப்பிவிடும். அப்போது கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது.

தெர்மாமீட்டர் வையுங்கள். ஜன்னல்களை மூடி, உள்காற்றைச் சுற்றவிட்டு, நடு ஏசி துவாரத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செருகுங்கள். கார் ஓடும்போது 10 டிகிரி செல்சியஸை ஒட்டி வந்தால் நிம்மதி. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியும் 15-க்கு மேலேயே நின்றால் ஏதோ இருக்கிறது.

சிக்னலில் நிற்பது போல நிறுத்திப் பாருங்கள். ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் வெக்கை என்றால் கண்டென்ஸர் ஃபேன் வேலை செய்யாமல் இருக்கலாம், கண்டென்ஸர் அடைத்திருக்கலாம், கம்ப்ரஸர் பலவீனமாக இருக்கலாம், கேஸும் குறைந்திருக்கலாம். அப்போது இன்ஜின் சூடு காட்டும் முள்ளும் ஏறுகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

கீழே குனிந்து பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நல்ல ஏசி ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். காற்றின் ஈரம் கூலிங் காயிலில் பட்டுத் தண்ணீராகி வெளியேறுகிறது, நல்ல அறிகுறி. அந்தத் தண்ணீர் வெளியே வராமல் முன் சீட்டுக் காலடியில் மேட் நனைந்திருந்தால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. ஊசிப்போன வாடை வந்தால் ஃபில்டர் அழுக்காக இருக்கலாம், காயிலில் பூஞ்சை படிந்திருக்கலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிடத் தெளிவான வழி, இருக்கும் கேஸை மெஷினில் எடுத்து எடை போட்டு, ஸ்டிக்கரில் உள்ள கிராமோடு ஒப்பிடுவது. குறைவாக இருந்தால் நைட்ரஜன் ஏற்றியோ, புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் விட்டோ கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். ஹோஸ் இணைப்பில் வெறும் ரப்பர் வளையம் போயிருந்தால் சின்ன வேலை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால், பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். இரண்டுக்குமான செலவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கார் விலையைப் பேசுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். நேற்று கேஸ் ஏற்றிய காரில் இன்று சில்லென்றுதான் இருக்கும். கசிவின் வேகத்தைப் பொறுத்து சில நாளோ சில வாரமோ அந்தக் குளிர் தாங்கும். முடிந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை போய் அதே தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் சூடு ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

கேட்காமல் விட்ட கேள்வி

மிட்ஜ்லியைத் திட்டுவது சுலபம். ஈயத்தில் அவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது, அதனால் அந்தப் பழி நியாயம். கேஸ் விஷயத்தில் அவரும் அறியவில்லை, அவர் காலத்து உலகமும் அறியவில்லை. பிரிட்ஜ் கசிந்து தூக்கத்தில் இறப்பது நின்றுபோனதில் அவர் பங்கு பெரிது, அதையும் மறுக்க முடியாது.

ஆனால் கசிவு வலிக்கவில்லை என்பதற்காகவே, கசிவை யாரும் கண்டுகொள்ளாத ஒரு பழக்கம் அவருக்குப் பிறகு ஊறிவிட்டது. கேஸ் போனால் நிரப்பிக்கொள்ளலாம் என்பது வாடிக்கையாகிவிட்டது. விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்லும் அந்த ஒரு வரி அதன் மிச்சம்தான். அடுத்த முறை யாராவது கேஸ் கம்மி என்று சொன்னால், சரி, எங்கே போச்சு என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் அந்தப் பழுதுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த காரைப் பாருங்கள்.